காய்ந்த எர்த் குழி

அத்தியாயம் 4

காணாமல் போன மகன் தினமும் பொழுது சாய்ந்ததும் வந்து கையைத் தொடுகிறான், அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு துப்பறிபவரிடம் யாராவது போய்க் கேட்பார்களா? சௌந்திரம் போய்க் கேட்டாள். எடப்பாடிக்கு மேற்கே இருந்த தன் தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டரின் தலைக்கு மேல் மாடியறையில் தொழில் நடத்திவந்த சூசைமாணிக்கத்தின் முன்னால் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கேட்டாள்.

"பையன் எங்க வந்து தொடறான்?" என்றார் சூசைமாணிக்கம்.

"பொடக்காலிக் குழாய்லங்க. வெளக்கு வெக்கற நேரத்துக்குக் குழாயப் புடிச்சா, சுருக்குன்னு அவன் கை படுதுங்க."

சூசைமாணிக்கத்தின் உதவியாளன் வேலுமணி, சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பல வருஷம் வாயை வைத்தே பிழைத்தவன். வேலையை விட்ட பிறகும் வாயை விடவில்லை. "பொடக்காலிக் குழாய்னா நாங்க எதுக்குங்க அக்கா, ஒரு பிளம்பர் போதுமுங்களே," என்றான்.

சௌந்திரம் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "உசுரு இருக்குதா இல்லையான்னு பிளம்பருக்குப் பாக்கத் தெரியாதுங்களே சாமி," என்றாள். வேலுமணி மறுபேச்சில்லாமல் நோட்டை எடுத்தான். அது அபூர்வமாக நடக்கிற சம்பவம்.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகன் கந்தன், அப்பா இறந்த மறுவருஷம், ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போனான். இரண்டு வருஷமாக, ஊருக்குத் திரும்புகிற வண்டிக்காரர்கள் யாரிடமாவது 'நல்லா இருக்கேன்' என்று சொல்லியனுப்பிக்கொண்டிருந்தான். தை மாதத்தோடு அது நின்றுபோயிற்று. பங்குனி பாதியில் குழாய் தொட ஆரம்பித்தது.

வேறு எந்தத் துப்பறிபவரும் இந்த வழக்கை எடுத்திருக்க மாட்டார். சூசைமாணிக்கம் எடுத்தார். ஏன் என்று கேட்டால் அவர் சொல்ல மாட்டார், அதனால் நாமே சொல்லிவிடுவோம். அவர் மனைவி செல்வமேரி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து காலையில் வீட்டைப் பூட்டும்போது ரேடியோவை அணைக்காமல் வருவது அவர் வழக்கம். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளே ஏதாவது ஒரு குரல் இருக்க வேண்டும். உரம் போடுவதைப் பற்றிய பேச்சாக இருந்தாலும் பரவாயில்லை. அப்படி வாழ்கிற மனிதரால், குழாய் கையைத் தொடுகிறது என்று சொல்லும் ஒருத்தியைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

*

மறுநாள் வெயில் தாழ்ந்த நேரத்தில் அவருடைய ஸ்கூட்டர் தோட்டத்து வண்டித்தடத்தில் குலுங்கிக்கொண்டு போய் நின்றது. எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை. வழியெல்லாம் காடு கழனி காய்ந்து கிடந்தது. சௌந்திரத்தின் கிணற்றில் மட்டும் எப்படியோ கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

நீளமான ஓட்டு வீடு. அதன் நட்ட நடுவில், முற்றத்தையும் ஆசாரம் என்கிற கூடத்தையும் இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் சௌந்திரம். அந்தப் பக்கக் கதவில் துருப்பிடித்த பூட்டு, பூட்டின் மேல் சிலந்திக்கூடு.

"அக்கட்டால யாரு?" என்றான் வேலுமணி.

"எங்க கொழுந்தனாருங்க, பேரு சின்னண்ணன். எடப்பாடில தறி போட்டிருக்கறாரு. அவரு இங்க வாரதில்லீங்க," என்றாள் சௌந்திரம். அதற்கு மேல் அந்தப் பாதியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சூசைமாணிக்கம் பொடக்காலியை, அதாவது வீட்டின் பின்பக்கத்தை, ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குளிக்கிற கல், சுவரோடு இறங்கிவரும் இரும்புக் குழாய், வாய்க்கால், வாய்க்கால் போகிற வழியில் நாலு வாழை, ஒரு பாத்தி கீரை, செம்பருத்தி. எல்லாவற்றின் காலடியிலும் ஈரம் இருந்தது. ஊரே காய்ந்த கோடையில் ஒரு கீரைத்தண்டு வாடாமல் பார்த்துக்கொள்கிறவள் இந்த அம்மாள் என்று நினைத்துக்கொண்டார்.

சுவரோரம் செங்கல் கட்டிய சின்னக் குழி ஒன்று இருந்தது. நடுவில் இரும்புக் குழாய் நட்டிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி வீட்டுக்குள்ளும், இன்னொன்று தண்ணீர்க் குழாய்க்கும், மூன்றாவது சுவரேறி அந்தப் பக்கப் பாதிக்கும் போயின.

"எர்த் குழிங்க," என்றாள் சௌந்திரம். வீட்டில் கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற குழி. "எங்க ஊட்டுக்காரரு கரியும் உப்பும் போட்டு, ஆள் ஆழத்துக்கு அவரே வெட்டுனது. அடில பாறை வந்துருச்சு. உடலியே, ஒடைச்சுட்டுத்தான் ஏறுனாரு."

குழிக்குள் மண் வெடித்திருந்தது. மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்தில் ஒரு பானை கவிழ்ந்து கிடக்க, அதன் வாயோரம் எறும்பு புற்று கட்டியிருந்தது.

"இதுக்குத் தண்ணி ஊத்தறதில்லையாம்மா?"

"முன்னெல்லாம் ஊத்துவனுங்க. மறந்து போச்சு," என்றாள் அவள், கீரைப் பாத்தியைப் பார்த்துக்கொண்டே.

பொழுது சாய்ந்தது. சௌந்திரம் விளக்கேற்றினாள். பிறகு பொடக்காலிக்கு வந்து, ஈரக்கல்லின் மேல் வெறுங்காலோடு நின்று, குழாயைப் பிடித்தாள். அவள் விரல்கள் லேசாக விறைத்தன. முகம் இளகியது. தூரத்து ஊரிலிருந்து வந்தவனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டவள் முகம் அது.

"வந்துட்டானுங்க," என்றாள்.

சூசைமாணிக்கம் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் குழாயில் வைத்தார். உள்ளே இருந்த குட்டி விளக்கு மங்கலாகச் சிவந்தது. அவர் முகம் மாறிவிட்டது. வெறும் சுருக்கு என்றால் டெஸ்டர் எரியாது. எரிகிறதென்றால் விஷயம் விளையாட்டைத் தாண்டிவிட்டது.

"வேலு, வீட்ல இருக்கிற எல்லா ஸ்விட்சையும் அணை."

அணைத்தான். வீடு இருட்டாயிற்று, சாமி விளக்கு ஒன்றைத் தவிர. சூசைமாணிக்கம் டார்ச்சை மீட்டர் பெட்டியின் கண்ணாடி மேல் அடித்தார். உள்ளே சக்கரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஊட்ல யாரும் சாப்பிடல, ஆனா சட்டில சோறு கொறையுது," என்றான் வேலுமணி.

"யாரோ சாப்பிடறாங்க. எங்க உட்கார்ந்து சாப்பிடறாங்கன்னு பாரு." டார்ச் வெளிச்சம் மீட்டரிலிருந்து கிளம்பிய கம்பிகளோடு உத்தரத்தில் ஊர்ந்து நடுச்சுவருக்குப் போயிற்று. அங்கே அடுத்தடுத்து இரண்டு துளைகள். ஒன்றுக்குள் பழைய கம்பி ஒன்று நுழைந்திருந்தது. மற்றது காலி.

"இது என்னம்மா, ஒத்தைக் கம்பி?"

சௌந்திரம் சொன்னாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் மருதாசலமும் அவர் தம்பி சின்னண்ணனும் பாகம் பிரித்தார்கள். மீட்டர் அண்ணன் பக்கம் நின்றுவிட்டது. சுவர் வழியாகத் தம்பி பக்கத்துக்கு இரண்டு கம்பி போயிற்று. "அதுக்கும் சண்டைங்க. பங்கு பிரிக்க வந்த பெரிய மனுசங்க ரோசனை பண்ணி, ரெண்டு கம்பி இருக்குது, ஆளுக்கொண்ணுன்னு தீத்து உட்டுட்டாங்க."

"ஆளுக்கொரு கம்பியா? செருப்பையும் அப்படித்தான் பிரிச்சாங்களா அக்கா?"

"எங்க ஊட்டுக்காரரு அவரு பங்குக் கம்பிய அன்னைக்கே வெட்டிச் சுருட்டிப் பரண்ல போட்டுட்டாருங்க. அக்கட்டால அன்னைக்கே இருட்டு. கொழுந்தனாரு குலசாமி கோயில்ல சூடம் அணைச்சுப்போட்டு எடப்பாடிக்குப் போயிட்டாரு. இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன், இந்த ஊட்டோட பேச மாட்டேன்னு சத்தியம். அண்ணன் செத்ததுக்குக்கூட ரோட்டுலயே நின்னுட்டுப் போனாருங்க."

கையால் அறைந்து அணைத்த சூடத்தின் சத்தியத்தை அந்தப் பக்கத்தில் யாரும் மீறுவதில்லை. கோர்ட்டுத் தீர்ப்பையாவது அப்பீலில் மாற்றலாம்.

சூசைமாணிக்கம் முன்பக்கமாகப் போய் அந்தத் துருப்பிடித்த பூட்டை ஆராய்ந்தார். வேலுமணி சும்மா இருக்கமாட்டாமல் பூட்டைப் பிடித்து உலுக்கினான். உள்ளே ஒரு நாற்காலி தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. இருவரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். பின்கதவு சாத்தியிருந்தது. அதன் நாதாங்கிச் சங்கிலி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வாய்க்காலுக்கு அப்பால் ஒரு மொபெட் கிளம்பி எடப்பாடிப் பக்கம் போகிற சத்தம் வந்தது.

"பேய்க்குப் பெட்ரோல் வண்டி வந்துருச்சுங்க சார்," என்றான் வேலுமணி.

மீட்டரில் சக்கரம் நின்றிருந்தது. பொடக்காலியில் சௌந்திரம் மறுபடியும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்குச் சித்த நேரத்துலயே போயிட்டானுங்க," என்றாள். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் சூசைமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை.

அவர் வேலுமணியை விட்டு, கிழிந்த சைக்கிள் டியூப் ஒன்றைக் குழாயின் மேல் இறுக்கச் சுற்ற வைத்தார். "அம்மா, நாளைக்கு நான் வர்ற வரைக்கும் இதைப் பிரிக்காதீங்க. விடிஞ்சதும் அந்தக் குழிக்கு நாலு பானை தண்ணி ஊத்திடுங்க. இது உயிர் சமாச்சாரம்."

சௌந்திரம் சரி என்று தலையாட்டினாள்.

*

மறுநாள் காலையில் எடப்பாடித் தறிப்பட்டறை. பத்துத் தறி ஒரே சமயத்தில் ஓடுகிற இடத்தில் பேசுவதென்றால் கத்த வேண்டும். சின்னண்ணன் கத்தவில்லை. ஐம்பதை நெருங்கிய, கட்டுமஸ்தான ஆள். தலையில் விரற்கடை உயரத்துக்கு முடி. மீசை இப்போதுதான் முளைத்து வந்துகொண்டிருந்தது.

"தோட்டத்து ஊட்டுக்குப் போறதுண்டுங்களா?" என்றான் வேலுமணி.

"சூடம் அணைச்சவனுங்க நானு. அந்த ஊட்டுச் சமாச்சாரம் எங்கிட்டப் பேசாதீங்க."

"உங்க பங்கு வீட்டுக்குப் போனா சத்தியம் கெடாதே," என்றார் சூசைமாணிக்கம்.

சின்னண்ணன் குனிந்து கழிவு நூலைப் பொறுக்கினார்.

"உங்க அண்ணன் பையன் கந்தனைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

சின்னண்ணன் கை நீட்டிப் பக்கத்துத் தறியை நிறுத்தினார். நூல் எதுவும் அறுந்திருக்கவில்லை. குறுக்கு நூல் இழுக்கிற நாடாவும் அதுவரை சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற தறியை ஒன்றுமில்லாமல் நிறுத்துகிற தறிக்காரரை சூசைமாணிக்கம் அன்றுதான் பார்த்தார்.

"தெரியாதுங்க."

"மொட்டை போட்டிருக்கறீங்களாட்ட இருக்குது?" என்றான் வேலுமணி.

"பங்குனி உத்திரத்துக்குப் பழனி போயிருந்தனுங்க," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

வெளியே டீக்கடையில் அவருடைய தறியாள் அம்மாசி, பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். வேலுமணி அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். லாரி ஆபீஸில் கற்ற வித்தைகளில் ஒன்று, அடுத்தவன் டீக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே அவனோடு உறவு முறை பேசிவிடுவது.

"ஏனுங்க மாப்ள, முதலாளி பழனி போய்ட்டு வந்தாராமா. பஞ்சாமிர்தம் நல்லா இருந்துச்சுங்களா?"

"பஞ்சாமிர்தமா?" அம்மாசி கசப்பாகச் சிரித்தான். "எட்டு நாளு ஆளு இல்லீங்க. திரும்பி வந்தப்ப மொட்டை மட்டுந்தான் வந்துச்சு. திருநூறுகூட வரல."

வேலுமணி எழுந்து வந்தபோது அவன் முகத்தில் குறும்பு கூத்தாடியது. "கேட்டீங்களா சார்? எங்க பக்கத்து ஆளு பழனி மலைல பொண்டாட்டியக்கூட மறந்து உட்டுட்டு வருவானுங்க. பஞ்சாமிர்தத்த மறக்க மாட்டான். தெருவுல பத்து ஊட்டுக்குக் குடுக்கலீன்னா அவன் பழனிக்கே போவலீன்னு அர்த்தம்."

"நான் சர்ச்சுக்குப் போற ஆளு, எனக்குத் தெரியலை. நீ சொல்லு. பழனிக்குப் போகலைன்னா, தலையோட மீசையையும் சேர்த்து எதுக்கு எடுப்பாங்க?"

"அதுக்கென்னுங்க, கருமாதிக்கு எடுப்..." வேலுமணியின் வாய் பாதியில் நின்றது. குறும்பு வடிந்துவிட்டது. "அவரு அப்பன் ஆத்தா போயி எத்தனையோ வருசம். அண்ணனும் போயாச்சு. இவரு உக்காந்து காரியம் செய்யோணும்னா, அது... அந்த ஊட்ல மிச்சம் இருக்கறது ஒருத்தன்தானுங்களே சார்."

தறிச் சத்தம் தெருவரை வந்துகொண்டிருந்தது. சூசைமாணிக்கம் ஸ்கூட்டரின் பக்கம் நடந்தார். வழக்கு முடிந்துவிட்டது. பையன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டாள். பதில் கிடைத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய் அந்த ஈரக்கல் மேல் நிற்கிறவளிடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவருக்கு ஸ்கூட்டரைத் திருப்பி அஸ்தம்பட்டிக்கே ஓட்டிவிடலாம் போலிருந்தது.

"நீங்க சொல்லீருவீங்களா சார்?"

"நாம சொல்லக் கூடாது வேலு. சொல்ல வேண்டியவர் தினமும் பத்தடி தூரத்துல வந்து உட்கார்ந்துட்டுப் போறார். அவரே சொல்லட்டும்."

*

சாயங்காலம் தோட்டத்துக்குள் நுழைந்ததும் சூசைமாணிக்கம் நேரே பொடக்காலிக்குப் போனார். எர்த் குழி நேற்றுப் போலவே வெடித்துக் கிடந்தது. பானை கவிழ்ந்தபடியே இருந்தது. குழாயில் சுற்றியிருந்த டியூப் இல்லை. அது கழுவப்பட்டு, நாலாக மடித்து, குளிக்கிற கல்லின் மேல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். 

பொழுது சாய்கையில் மொபெட் சத்தம் வந்து, வாய்க்காலுக்கு அப்பால் நின்றது. ஓர் உருவம் வரப்போடு நடந்து வந்து, பின்கதவுச் சங்கிலியைக் கழற்றி உள்ளே போயிற்று. கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. சூசைமாணிக்கம் போய் மெல்லத் தட்டினார்.

"சின்னண்ணன், திறங்க. உங்க மொட்டை பழனி மொட்டை இல்லைன்னு தெரியும்."

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. அறைக்குள் ஒரு நாற்காலி. உத்தரத்தில் ஒரு பல்பு. தரையில் ஒரு மேஜை விசிறி. நாற்காலி நடுச்சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சௌந்திரம் பாத்திரம் துலக்குகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. சின்னண்ணன் உதட்டில் விரலை வைத்தார். மூவரும் கிசுகிசுப்பாகவே பேசினார்கள்.

"எப்படி நடந்தது?"

"பிலாஸ்பூர்ப் பக்கமுங்க. ரிக் வண்டிக் கம்பத்தத் தூக்கறப்ப, மேல போற பெரிய கரண்டு லைன்ல பட்டிருச்சு. பையன் கீழ வண்டியத் தொட்டுட்டு நின்னிருக்கறான். கூட இருந்த வண்டிக்காரங்களுக்கு எம்பட தறிப்பட்டறைதான் தெரியும், ஆசுபத்திரில கெடக்கறான்னு எங்கிட்டச் சொல்லியுட்டாங்க. போனேன். பாத்தேன். வார வழில பவானிக் கூடுதுறைல காரியத்தையும் பண்ணீட்டு, நேரா இங்கதான் வந்தனுங்க. சொல்லோணும்னுதான் வந்தேன்."

"ஏன் சொல்லலை?"

"வாசப்படி வரைக்கும் வந்துட்டனுங்க. கால் போவல. சூடம் அணைச்ச கை இது." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "வேற ஆளச் சொல்லியுடலாம். தோள்ல தூக்கி வளத்துன பையனுங்க. அவஞ் சாவ எவனோ மூணாம் மனுசன் வந்து சொல்றதா? இன்னைக்குச் சொல்லீரலாம், நாளைக்குச் சொல்லீரலாம்னு உக்காந்துக்கறேன். அந்தச் சட்டிச் சத்தம் கேக்கற வரைக்கும், நங்கை இன்னும் நல்லாத்தான் இருக்கறாங்கன்னு ஒரு இதுங்க." நங்கை என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணி.

சூசைமாணிக்கம் மேலே பார்த்தார். பல்புக்கு வந்த இரண்டு கம்பிகளில் ஒன்று சுவர்த் துளையிலிருந்து வந்தது. மற்றது எர்த் கம்பியில் முறுக்கியிருந்தது.

"இந்த விளக்கை எப்படி எரிய வெச்சீங்க?"

"ஒரு கம்பி இருக்குது. இன்னொண்ணுக்கு எர்த்துல குடுத்தா எரியுமுங்களே. தறிக்காரனுக்குத் தெரியாதுங்களா?"

"எரியும். ஒரு கம்பியில வந்த கரண்டு இன்னொரு கம்பியில திரும்பிப் போகணும். உங்களுக்குத் திரும்பற கம்பி இல்லை, அதனால அது எர்த் குழியில இறங்கி மண்ணு வழியா போகுது. மண்ணு ஈரமா இருந்தா பேசாம போயிடும். அந்தக் குழி காய்ஞ்சு கிடக்கு. இறங்க வழியில்லாம, குழியோட கம்பி கட்டியிருக்கிற தண்ணிக் குழாய்ல நிக்குது. தினமும் நீங்க இந்த விளக்கைப் போட்டதும், உங்க அண்ணி அந்தக் குழாயைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. பையன் வந்து கையைத் தொடறான்னு சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் காய்ஞ்சா அவங்க கையை எடுக்க முடியாது."

சின்னண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அவன அடிச்சதேதானுங்களா?" என்றார். "அதையவா நான் தெனமும் நங்கை கைக்கு அனுப்பிச்சிட்டு இருந்தேன்?"

அவர் எட்டி முதலில் சுவிட்சை அணைத்தார், பிறகு எர்த் கம்பியை வெடுக்கென்று பிடுங்கினார். இருட்டில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. அவர் பின்கதவு வழியாக வெளியேறி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் நடந்தார். துப்பறிகிறவர்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள்.

சௌந்திரம் ஆசாரத்தில் விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் ஈரமாக இருந்தது. சின்னண்ணன் வாசற்படிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கால் எழவில்லை. வாயும் எழவில்லை. அவர் நிற்கிற நிலையைப் பார்க்கச் சகிக்காமல் சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, உங்க பையன்..."

"நீங்க சொல்லாதீங்க சாமி," என்றாள் சௌந்திரம். "அவரு சொல்லட்டும். ஒரு மாசமா அதுக்குத்தானுங்க காத்துட்டு இருக்கறேன்."

வேலுமணி திகைத்துப் போய் அவளைப் பார்த்தான். சூசைமாணிக்கத்துக்குத் திகைப்பு இல்லை. மடித்து வைத்த டியூபைப் பார்த்தபோதே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"இவர்தான் வந்து உட்கார்றார்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியாதுங்களா? இந்த ஊட்ல நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து கேட்ட கால் சத்தமுங்க அது. பத்து வருசம் வராத மனுசன் திடீர்னு வந்து செவத்துக்கு அக்கட்டால உக்காந்தா, நல்ல சேதியாவா இருக்கும்? நான் போய்க் கேட்டா அவரு சத்தியம் போயிரும். ஊர்க்காரங்கள உட்டுக் கேட்டா ஊரே கூடி அழுதுரும், எனக்குக் கடைசீலதான் தெரியும். அதுக்குத்தானுங்க சேலம் வந்தேன்."

"குழாய்ல வந்தது கரண்டுன்னும் தெரியுமா?"

"எங்க ஊட்டுக்காரரு எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னதே அதுக்குத்தானுங்களே. ஊத்துனா தொடறது கொறைஞ்சு போச்சு. அதனால ஊத்தலீங்க." அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "கரண்டுன்னு தெரியுமுங்க. ஆனா ரெண்டு வருசமா வேற யாருங்க என்னையத் தொட்டாங்க?"

சூசைமாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படிக் கேட்டால் அவரிடம் மட்டும் என்ன பதில் இருக்கிறது?

சௌந்திரம் எழுந்து வாசற்படிக்கு வந்தாள். படிக்கு உள்ளே அவள், வெளியே கொழுந்தனார். நடுவில் ஒரு முழம் மரம்.

"சூடம் அணைச்சது நீங்கதானுங்க கொழுந்தனாரே. நான் அணைக்கலீங்க. நான் பேசலாம். நான் கேக்கறேன், நீங்க பேச வேண்டாம், தலைய மட்டும் ஆட்டுங்க போதும்." அவள் குரல் அதுவரை நடுங்காமல் இருந்தது. "எம்பட பையன் போயிட்டானுங்களா?"

சின்னண்ணன் தலையை ஆட்டவில்லை. குனிந்து நின்றவர் சட்டென்று நிமிர்ந்து, சத்தியத்தையும் வாசற்படியையும் ஒரே எட்டில் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

"போயிட்டானுங்க நங்கையா," என்றார். "நான் போறதுக்குள்ள போயிட்டானுங்க."

அவள் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு, "எங்க வெச்சீங்க?" என்றாள்.

"வண்டி நின்ன ஊருக்கு அக்கட்டால, ஒரு குளத்து மேட்டுலங்க. நானே எறங்கிப் பாத்தேன். கல்லு இல்லாத எடம். நல்ல மண்ணுங்க."

"நல்ல மண்ணுங்களா," என்றாள் அவள்.

வேலுமணி சத்தமில்லாமல் வாசலுக்கு வெளியே போய், இருட்டைப் பார்த்து நின்றுகொண்டான். சௌந்திரம் அழத் தொடங்கினாள். பங்குனியிலிருந்து தனியாக அடக்கி வைத்திருந்த அழுகை அது, நிற்கவே இல்லை. சின்னண்ணன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிடித்த கையை அவர் விடவில்லை.